நட்சத்திரத்துக்காக வரைந்த பிள்ளைகள்



பகாவ், லிங்கி, போர்ட்டிக்சன் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும், கைப்பேசியில் எதையாவது படம்பிடிக்கும் பிள்ளையைப் பார்க்கலாம். பாட்டி பால்மரம் சீவுவது, கோயில் திருவிழாவில் உறுமி அடிப்பது, நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுவது, எல்லாமே காணொளிதான். இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. பிறகு ஏன் எடுக்கிறோம், ஏன் பகிர்கிறோம்?

ஒரு காரணம் மூளைக்குள் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டயானா டமிர், ஜேசன் மிட்சல் இருவரும் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாம் நம்மைப் பற்றிச் சொல்லும்போது, ருசியான உணவும் பணமும் கிடைக்கும்போது துடிப்படையும் அதே மூளைப் பகுதிகள் துடிப்படைகின்றனவாம். தம்மைப் பற்றிப் பேசுவதற்காக, கிடைக்கவிருந்த காசில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு!

இந்த ஆசை கைப்பேசியோடு பிறந்ததல்ல. 1950-இல் 'தமிழ் நேசன்' நாளிதழ் 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் மலாயா இளைஞர்களுக்கு நாளிதழ் வழியாகவே கதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் 'தமிழ் முரசு' நாளிதழ் 'மாணவர் மணிமன்றம்' என்ற தன் பகுதியில் பிள்ளைகளை எழுத வைத்தது. தன் கதை அச்சில் வந்ததா என்று நாளிதழைப் புரட்டிய மனமும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கைப்பேசியைத் திறக்கும் மனமும் ஒன்றுதான்.

சரி, எது நல்ல காணொளி என்று எப்படி முடிவு செய்கிறோம்? 2006-இல் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில் 14,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். யாரும் அதிகம் அறியாத 48 பாடல்கள். தத்தம் குழுவில் பிறர் எந்தப் பாடலை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை எட்டுக் குழுக்களுக்குத் தெரியும். ஒரு குழுவில் முன்னணிக்கு வந்த பாடல் இன்னொரு குழுவில் பின்தங்கியது! எண்ணிக்கை ஏற ஏற, அதைப் பார்த்தே மேலும் பலர் அந்தப் பாடலைத் தேடினார்கள். ஆகவே, உங்கள் காணொளியைப் பார்த்தவர்கள் குறைவு என்பதாலேயே அது மட்டமானது ஆகிவிடாது.

இப்போது மிக முக்கியமான சோதனை. 1973-இல் ஆய்வாளர் மார்க் லெப்பரின் குழுவினர், படம் வரைய ஆசைப்படும் பாலர் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். "வரைந்தால் தங்க நட்சத்திரம் பதித்த சான்றிதழ்" என்று முதல் குழுவிடம் முன்பே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு வரைந்த பிறகு, சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாதபோது, முதல் குழு மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசையோ குறையவில்லை. பாராட்டு தானாக வந்தால் மகிழலாம். பாராட்டுக்காகவே செய்தால், செய்வதில் இருந்த இன்பம் தேய்ந்துவிடக்கூடும்.

செய்து பாருங்கள்: பாடல் சோதனையைப் போல, பிறரின் பாராட்டு நம் தேர்வை மாற்றுமா என்று பார்க்கலாம். நண்பர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் வரைந்த ஆறு படங்களைச் சுவரில் ஒட்டுங்கள். வேறு வகுப்பு மாணவர்கள் பத்துப் பேரிடம் பிடித்த படத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றில் ஒரு படத்தின் கீழ் மட்டும் நிறைய நட்சத்திரங்களை ஒட்டி, புதிதாகப் பத்துப் பேரிடம் கேளுங்கள். விடைகள் மாறினவா? முடிந்ததும் நட்சத்திரங்களை ஒட்டியது நீங்கள்தான் என்று எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். ஆய்வு செய்பவருக்கு அந்த நேர்மை கட்டாயம் வேண்டும்.