பால் சுரக்க மருந்து உண்டா?

தஞ்சை மாவட்டம் பாபநாசத்திற்கு அருகிலுள்ள திருக்கருகாவூர்த் தலபுராணம் நம் அன்பர்களில் பலர் அறிந்ததே. நித்துருவ முனிவரின் மனைவி வேதிகைக்குக் கரு கலைந்தபோது, அம்பிகை அதனைக் குடத்திலிட்டுக் காத்து, குழந்தையாகக் கையில் தந்தருளினாள். கர்ப்பரட்சாம்பிகை என்னும் திருநாமம் வந்த கதை இது. கதையின் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிள்ளை கிடைத்தது; வேதிகையிடம் பால் இல்லை. காமதேனு வந்து குளம்பால் நிலத்தைக் கீறிப் பால் பெருகச் செய்ததாகவும், கோயிலுக்கு எதிரே உள்ள பாற்குளம் அதுவே என்றும் புராணம் கூறும். "பிள்ளைக்குப் பால் போதவில்லையே" என்ற கவலைக்கு அத்தனை வயது.

தெங்கேராவிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் இக்கவலைக்கு வைத்தியம் சமையலறையிலேயே தொடங்கிவிடும். சுறாப்புட்டு, முழுப்பூண்டுக் குழம்பு, வெந்தயக் கஞ்சி, முருங்கைக்கீரை, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய காயம் என்று வரிசையாக வரும். அண்டை வீட்டு மலாய் மாது வாழைப்பூவைச் சொல்வார். சீன மாது பப்பாளிக்காய் போட்ட மீன் சூப்பைச் சொல்வார். இப்போதோ கைப்பேசியில் சொல்லிவிட்டால் பால் பெருக்கும் பிஸ்கட்டும் மாவும் வீடு தேடி வருகின்றன. இவற்றில் எது உதவும், எது கெடுக்கும் என்பதைத் தாய்மார்கள் தெரிந்திருக்க வேண்டும். பாட்டிமார்கள் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் தீர்ப்பு அவர்களுடையதுதானே!

முதலில் பால் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பிரசவமான முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சீம்பால்தான் வரும். மஞ்சளாக, கெட்டியாக, அளவில் கொஞ்சமாக இருக்கும். பிறந்த குழந்தையின் சிறிய வயிற்றுக்கு அது பொருத்தமான அளவுதான். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பால் இறங்கும். அதன்பின் குழந்தை சப்பும்போதெல்லாம் தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து இரண்டு நீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்கத் தூண்டுகிறது. ஆக்சிடோசின் அதைக் காம்புக்குத் தள்ளுகிறது. மார்பில் பால் தேங்கி நின்றால் உற்பத்தி தானே குறையும், வெளியேறினால் கூடும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம்மவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். ஆகவே ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவிலும் விடாமல், குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல் கருவளையத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வும்படி கொடுப்பதே முதல் மருந்து.

பத்திய உணவுகள் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பினாங்கில் உள்ள மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் முன்னின்று செய்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 2020ஆம் ஆண்டு கோக்ரேன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பால் பெருக்கும் மருந்துகளையும் மூலிகைகளையும் பற்றி, குறைந்தது 17 நாடுகளில் 3,005 தாய்மார்களிடம் நடந்த 41 ஆய்வுகளை அவர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தனர். மூலிகைகளும் உணவுகளும் பாலை ஓரளவு கூட்டக்கூடும். ஆனால் சான்று மிகவும் பலவீனமானது, ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்று சொல்ல இடமில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. பக்கவிளைவுகளைப் பற்றிய விவரமும் போதிய அளவில் கிடைக்கவில்லை.

முருங்கைக்கீரையும் பூண்டும் நல்ல உணவுகள்; தாராளமாகச் சாப்பிடலாம். வெந்தயம் சமையல் அளவில் சரியே. மாத்திரையாகவும் கரண்டி கரண்டியாகவும் விழுங்கும்போது இரத்தச் சர்க்கரை இறங்கலாம், வயிறு போகலாம். நீரிழிவு மருந்தோ இரத்தம் உறையாமைக்கான மருந்தோ உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. தாயின் வியர்வையிலும் குழந்தையின் சிறுநீரிலும் பாகு வாசம் வருவதும் வெந்தயத்தால்தான்.

சுறாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பால் சுறா என்ற பெயரே அதன் இறைச்சி பாலைப் பெருக்கும் என்ற நம்பிக்கையால் வந்தது. சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வது. பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்கிறது. அது தாய்ப்பால் வழியே குழந்தைக்கும் செல்லும் என்பதால், பாலூட்டும் தாய்மார்கள் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு மருந்துத் துறை அறிவுறுத்துகிறது. புட்டுச் செய்யும் கைப்பக்குவம் வீணாக வேண்டியதில்லை. மத்தி, கெம்போங் போன்ற சிறிய மீன்களில் செய்தாலும் சுவைக்கும்.

பிராந்தியும் ஸ்டௌட்டும் வேறு கணக்கு. "உடம்பு சூடாகும், பால் ஊறும்" என்று ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம் மக்களிடையே இருந்து வந்திருக்கிறது. மது ஆக்சிடோசினைத் தடுப்பதால் பால் இறங்குவது குறைகிறது. குழந்தையும் குறைவாகவே குடிக்கிறது. அதுபோலவே "தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும்" என்று தாகத்தோடு தாயைப் படுக்க வைப்பதும் நிறுத்தப்பட வேண்டிய ஒன்று. கடையில் வாங்கும் மருந்துகளில் சுகாதார அமைச்சின் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டொம்பெரிடோன் மாத்திரை சிலருக்குப் பாலைக் கூட்டும். இதயத் துடிப்பைப் பாதிக்கவும் கூடும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதைத் தொடக் கூடாது.

மருந்தும் மீனும் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? அதற்கும் நம் மண்ணிலேயே ஒரு சரித்திரம் உண்டு. ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். கெட்டிப்படுத்திய சர்க்கரைப் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றது என்று விற்றதால் சிசுக்கள் மடிவதைக் கண்டு, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். ஜப்பானியர் காலத்தில் அவரும் சாங்கிச் சிறையில் அடைபட்டார். அங்கே அரைப்பட்டினியில் இருந்த தாய்மார்களுக்கு இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

அதே காலத்துத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரம் சீவப் போன தாய்க்கு உடம்பில் பால் இருந்தது. கொடுக்க நேரம் இல்லை. பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்க, மார்பில் தேங்கிய பால் நாளடைவில் வற்றியது. "எனக்குப் பாலே இல்லை" என்று அவர்கள் தம்மையே நொந்துகொண்டதுதான் பரிதாபம்.

இன்றும் அதே சுழல் வேறு வடிவில் நடக்கிறது. மாலையில் குழந்தை சிணுங்கும். ஆறாவது வாரத்தில் மார்பு மிருதுவாகும். பிழிந்து பார்த்தால் கொஞ்சம்தான் வரும். இவை யாவும் இயல்பு. இதைக் கண்டு பயந்து ஒரு போத்தல் மாவுப்பால் கொடுத்தால் குழந்தை நீண்ட நேரம் தூங்கும், சப்புவது குறையும், பாலும் குறையும். பிறகு பயந்தது உண்மையாகிவிடும்.

போதுமா போதாதா என்பதைக் குழந்தையிடமே காணலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு முறையாவது துணி நன்றாக நனைய வேண்டும். மலம் மஞ்சளாகியிருக்க வேண்டும். பிறந்தபோது இருந்த எடை இரண்டு வாரத்திற்குள் திரும்ப வேண்டும். எடை பத்து விழுக்காட்டிற்கு மேல் இறங்கினாலோ, சிறுநீர் அடர்ந்து போனாலோ, மஞ்சள் காமாலை கூடினாலோ, சப்பவும் தெம்பில்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, புட்டுக்கும் லேகியத்திற்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சில தாய்மார்களுக்கு உண்மையாகவே பால் குறைவாக இருக்கும். பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, தைராய்டுக் கோளாறு, மார்பில் செய்த அறுவை போன்றவை காரணமாகலாம். அவர்களுக்கு மருத்துவர் சொன்னால் மாவுப்பால் கொடுப்பதில் குற்றமே இல்லை.

1993இல் தேசியத் தாய்ப்பால் கொள்கை வந்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் 2006இல் 14.5 விழுக்காடாக இருந்தது, 2016இல் 47.1 விழுக்காடாக உயர்ந்தது. 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது.

பிள்ளை பெற்ற ஏழை வீட்டுக்கு உதவ நினைக்கும் நன்கொடையாளர்கள் பெரும்பாலும் பால்மாவு டின்னையே வாங்கிச் செல்கிறார்கள். நல்ல மனம்தான். அந்தப் பணத்தில் அரிசி, முட்டை, மீன், கீரை வாங்கித் தரலாம். மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் துணி துவைக்கவும் ஒரு மாதம் ஆள் வைத்துத் தரலாம். தாய் பிள்ளையோடு படுத்திருக்க முடியும். வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் பால் எடுக்கும் கருவியும் குளிர்ப்பையும் வாங்கிக் கொடுக்கலாம். கை கழுவிச் சுத்தமான பாத்திரத்தில் எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம் இருக்கும். நம் ஊர் வெயிலில் அதுவரை காத்திராமல் குளிர்ப்பையில் வைப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாட்கள் வரை வைக்கலாம். கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் போத்தலை நிறுத்திச் சூடாக்க வேண்டும்.