நாளுக்கு 136 ரூபாய்

2024 டிசம்பரில் தமிழக அரசு 8,997 சத்துணவு சமையல் உதவியாளர்களை நியமிக்க ஆணையிட்டது. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஓராண்டு குறையில்லாமல் வேலை பார்த்தால்தான் 3,000-9,000 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம் கிடைக்கும். மாதத்துக்கு 22 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 136 ரூபாய் வருகிறது. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். கண்மாயில் மண் வெட்டும் பெண்ணுக்கு அந்தக் கூலி நியாயமானது. இன்னும் கூட்டித் தந்தாலும் தகும். அதே ஊரில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, அண்டா குண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும் பெண்ணுக்கு அதில் பாதிகூடக் கிடையாது.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் திருமயம் கோட்டை எல்லோர் கண்ணிலும் படும். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் விராச்சிலை, குழிபிறை, ராங்கியம், கோனாபட்டு. நகரத்தார் வீடுகளின் நீண்ட சுவர்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிற ஊர்கள் இவை. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷம் பெண்களுக்கு உள்ளூரில் வேலை கிடைப்பது அரிது. மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும் என்பது சமையல் உதவியாளர் நியமன விதி. நடந்து போகிற தூரத்தில் வேறு அரசு வேலை இல்லாததால், 3,000 ரூபாய் என்றாலும் பெண்கள் விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பங்கள் குவிவதைக் காட்டி, ஊதியம் போதும் என்று வாதிடுவது பெரும் அநீதி. வேறு வழி இல்லாதவர்கள் சம்மதிப்பதை வைத்துக் கூலியை நிர்ணயிக்கக் கூடாது.

சத்துணவு, அங்கன்வாடி ஆகிய திட்டங்கள் பிறந்த விதத்திலேயே சிக்கல் இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல், அங்கன்வாடிகளுக்கான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1-ல் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் நியமனத்தில் முன்னுரிமை தந்தது நல்ல முடிவு. ஆனால் அவர்களுக்குக் கொடுப்பதை ஆதரவுத் தொகையாகப் பார்க்கும் மனப்பான்மையும் கூடவே வந்து, இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கான மத்திய அரசின் மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 3,000-லிருந்து 4,500 ஆனது; உதவியாளருக்கு 1,500-லிருந்து 2,250. அடுத்த ஏழு ஆண்டுகளில் அது ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துத் தருவதால் இங்கே புதிய பணியாளர் 7,700 ரூபாயிலும் உதவியாளர் 4,100 ரூபாயிலும் தொடங்குகிறார்கள்.

அங்கன்வாடி வேலையோ ஆண்டுக்காண்டு கூடுகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், வாரத்தில் மூன்று நாள் முட்டை கொடுப்பதும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு வழங்குவதும், எடையும் உயரமும் எடுப்பதும் பழைய வேலைகள். 2021 முதல் எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். 2025-ல் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்ப்பதும் சேர்ந்துகொண்டது. சிக்னல் கிடைக்காத ஊரில் கைக்குழந்தையோடு வந்து நிற்பவளுக்கு அங்கன்வாடி டீச்சர்தான் பதில் சொல்ல வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் இவர்களும் உண்டு.

இத்தனைக்கும் நடுவில் ‘கூடுதல் பொறுப்பு’. பக்கத்து ஊர் மையத்தில் ஆள் இல்லையென்றால் அதையும் இவரே பார்க்க வேண்டும். ஆயா எனப்படும் உதவியாளர் பணியிடம் காலியென்றால் டீச்சரே அடுப்படியில் நிற்பார். அந்த நேரத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்ல ஆள் கிடையாது. 2025 ஏப்ரலில் அங்கன்வாடிகளில் 7,783 பணியிடங்களை நிரப்பப்போவதாக அரசு அறிவித்தது. அதில் 3,592 இடங்கள் உதவியாளர்களுடையவை. எண்பதுகளில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தவர்கள் கூட்டமாகவே ஓய்வு பெறுவார்கள் என்பதைக் கணிக்க நிபுணர் தேவையில்லை. வேலையில் சேரும்போதே பிறந்த தேதி பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. குஜராத்திலிருந்து வந்த வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022 ஏப்ரல் 25-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பகுதி நேரத் தொண்டர்கள் என்று சொல்லி ஒதுக்கும் வாதத்தை அது ஏற்கவில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகராட்சியின் கதையை நம் நிதித்துறை அதிகாரிகள் படிக்க வேண்டும். குப்பை அள்ளும் பணி போன்ற ஆண்கள் மிகுந்த வேலைகளுக்குக் கொடுத்த ஊக்கத்தொகையை, சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்த பெண்களுக்கு அது கொடுக்கவில்லை. பெண்கள் வழக்குப் போட்டு 2012-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். நிலுவை வளர்ந்துகொண்டே போய், 2023 செப்டம்பரில் அவசியமற்ற புதுச் செலவுகள் அனைத்தையும் நிறுத்துவதாக மாநகராட்சி அறிவிக்க நேர்ந்தது.

நம் கணக்கு அவ்வளவு பயமுறுத்துவதில்லை. சமையல் உதவியாளருக்கு நூறு நாள் வேலையின் கூலியையாவது கொடுத்தால் மாதம் 7,392 ரூபாய் ஆகும். புதிதாக எடுக்கும் 8,997 பேருக்கும் அந்த வித்தியாசத்தைத் தர ஆண்டுக்குச் சுமார் 47 கோடி ரூபாய் வேண்டும். மூன்று லட்சம் கோடிக்கு மேல் செலவிடும் அரசுக்கு இது முடியாத தொகை என்று நான் நம்பவில்லை.

காலியிடங்களை உரிய நேரத்தில் நிரப்பச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவும், வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகமும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுவோரின் பட்டியலை மையவாரியாக இன்றே எடுத்துவிடலாம். ஆறு மாதம் முன்னதாக விளம்பரம் செய்து ஆளை எடுத்தால், போகிறவர் வருகிறவரைக் கூட வைத்துக்கொண்டு பதிவேட்டையும் பிள்ளைகளையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.