மினி காருக்குள் மோட்டார் சைக்கிள் எஞ்சின்

பழைய காரின் கூடு இருக்கிறது, எஞ்சின் இல்லை. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டினால் ஓடாதா? ஓடும். இங்கிலாந்தில் மினி கார் பிரியர்கள் பலர் பூட்டி ஓட்டுகிறார்கள். 1959இல் வந்த மினிக்கு 848 சிசி, 34 குதிரைவலு. 1998இல் வந்த யமஹா ஆர்1 மோட்டார் சைக்கிளுக்கோ 998 சிசி, ஏறத்தாழ 150 குதிரைவலு!

ஆனால் நாம் வலுவை மட்டும் பார்த்தால் போதாது. மோட்டார் சைக்கிளுக்கு ரிவேர்ஸ் கியர் இல்லை. ஒழுங்கையில் காரைப் பின்னுக்கு எடுக்க மின்மோட்டரோ தனிக் கியர்ப்பெட்டியோ பூட்டவேண்டும். ஒரு சில்லைச் சுற்றிய செயின் இனி இரண்டைச் சுற்றவேண்டும். வளைவில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிபரன்ஷியலும் தேவை. 200 கிலோ வண்டிக்கு அமைந்த கிளச், 600 கிலோ காரை நின்ற இடத்திலிருந்து இழுக்கும்போது வழுக்கித் தேயும். விளையாட்டுக்கு ஓட்டுபவர் புதுத் தட்டுப் போட்டுக்கொள்வார்; நெல்மூட்டை ஏற்றுபவருக்குக் கட்டுபடியாகாது. அந்தக் காருக்கே உரிய பழைய எஞ்சினைத் தேடிப் பூட்டுவதையே நாம் சொல்வோம்.