தெளிப்பான் விற்றவர்கள் காற்றாலைக்கு மாறிய கதை

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போய் வந்தவர்களுக்கு ‘வெஸ்டாஸ்’ என்ற பெயர் பழக்கமாக இருக்கும். டென்மார்க் நாட்டுக் காற்றாலை கம்பெனி. 1970-களில் அது விவசாய டிரெய்லரும் கிரேனும் செய்து விற்றது. இன்னொரு பெரிய காற்றாலை கம்பெனியான ‘போனஸ்’, தெளிப்பு நீர்ப்பாசனக் கருவி செய்தவர்களிடமிருந்து பிறந்தது. ‘நார்டேங்க்’ செய்தது டேங்கர்கள்.

பாசனக் கருவி செய்தவர்களைக் காற்றுப் பக்கம் திருப்பியதில் மக்கள் இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1973-ல் எண்ணெய் விலை எகிறியபோது, டென்மார்க்கின் எரிசக்தியில் சுமார் 90 சதவிகிதம் இறக்குமதி எண்ணெய்தான். அணுமின் நிலையம் கட்டலாம் என்று மின் கம்பெனிகள் கிளம்பின. 1974-ல் அதை எதிர்த்து ஓ.ஓ.ஏ. என்ற இயக்கம் எழுந்தது. “சரி, வேறு எதில் கரண்ட் எடுப்பீர்கள்?” என்ற கேள்வி வருமல்லவா? அதற்குப் பதில் தேட, மறுவருடமே மாற்று எரிசக்திக்கென்று தனிச் சங்கம் உருவானது.

ட்விண்ட் என்ற இடத்தில் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 54 மீட்டர் உயரக் கோபுரத்தில் 2 மெகாவாட் காற்றாலையை எழுப்பினார்கள். 1978-ல் அது சுழன்றது. தச்சர் ஒருவர் தன் பட்டறையில் 22 கிலோவாட் இயந்திரம் செய்து விற்றார். இளைஞர் ஹென்ரிக் ஸ்டீஸ்டால் தன் பெற்றோரின் பண்ணைக்கு ஒன்று செய்தார். பிறகு, கொல்லர் கார்ல் எரிக் யோர்கென்சனோடு சேர்ந்து உருவாக்கிய வடிவத்தை 1979-ல் வெஸ்டாஸ் உரிமம் வாங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது, வாங்கியவர்களின் சங்கம். 1978-ல் காற்றாலை உரிமையாளர்கள் ஒன்று சேர்ந்தார்கள். எந்த மெஷின் எவ்வளவு யூனிட் கொடுத்தது, எது பழுதானது என்று பத்திரிகையில் மாதாமாதம் அச்சிட்டார்கள். மோட்டார் வாங்கப் போகும் விவசாயிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? பலமான பிரேக் வேண்டும் என்றும் கம்பெனிகளை நெருக்கினார்கள். மட்டமான மெஷின் செய்தவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

1979 முதல் அரசு 30 சதவிகிதம் மானியம் கொடுத்தது. தனியாக வாங்க முடியாத குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கின. இயந்திரம் கண்ணெதிரே சுழல்வதால், லாபமும் சத்தமும் ஒரே ஊருக்குத்தான்.

1985-ல் அணுமின்சாரத்தைத் திட்டத்திலிருந்தே டென்மார்க் நாடாளுமன்றம் நீக்கியது. அதற்குள் அந்நாட்டுக் காற்றாலைகள் கப்பலேறி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்தன.