எத்தனை பேரில் எத்தனை பேர்? ஹெபடைட்டிஸ் ஒழிப்புக் கணக்கில் உள்ள சிக்கல்

புனேயில் மஞ்சள் காமாலை என்றதும் பலருக்கும் குடிநீர்மீதுதான் சந்தேகம் எழும். ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ்களைப் பொறுத்தவரை அது சரியே. 1978-79இல் இந்நகரில் பரவிய காமாலையின்போது எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகள், பின்னாளில் ஹெபடைட்டிஸ் இ என்று பெயர்பெற்ற நோயை அடையாளம் காண உதவின. அந்த ஆய்வில் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்துக்கும் பங்குண்டு.

உலக நாடுகளின் 2030 ஒழிப்பு இலக்கோ முதன்மையாக பி, சி வகைகளைப் பற்றியது. இவை ரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவி, பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் கல்லீரலைக் கெடுப்பவை. வெளியே தெரியாத நோயை எப்படி எண்ணுவது?

இலக்கு என்ன?

2016இல் உலக சுகாதார மாமன்றம் ஏற்ற திட்டப்படி, 2015உடன் ஒப்பிடுகையில் புதிய தொற்றுகள் 90%, இறப்புகள் 65% குறைய வேண்டும். தொற்றுள்ளோரில் 90% பேருக்கு நோய் கண்டறியப்பட வேண்டும். சிகிச்சை தேவைப்படுவோரில் 80% பேருக்கு அது கிடைக்க வேண்டும். தடுப்பூசி, ஊசிப் பாதுகாப்பு, பரிசோதனை, சிகிச்சை, இறப்பு என 10 முதன்மைக் குறியீடுகளின் வழியே இந்த முன்னேற்றம் அளக்கப்படுகிறது.

சாங்வியிலிருந்து ஜெனீவாவுக்கு

புனேயை ஒட்டிய சாங்வியில் வசிக்கும் ஒருவர் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹெபடைட்டிஸ் சி எதிர்ப்பொருள் இருந்தால் மட்டும் அவரை நோயாளியாகக் கணக்கில் சேர்க்க முடியாது. வைரஸ் இப்போதும் உடலில் இருப்பதை ஆர்என்ஏ பரிசோதனை உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகே அவர் விவரம் தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பதிவேட்டில் ஏறி, மாநிலம், டெல்லி வழியாக ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனத்துக்குப் போகும் எண்ணிக்கையில் சேரும். 2018 ஜூலை 28இல் தொடங்கிய இத்திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

சாங்வி பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சியில் இருக்கிறது. அடுத்துள்ள ஔந்த், புனே மாநகராட்சியைச் சேர்ந்தது. ஒரே நோயாளி இரு பக்கமும் சிகிச்சைக்குச் சென்றால் இருமுறை எண்ணப்படலாம். ஆளுக்கொரு தனி அடையாள எண் அவசியம் என்பது இதனால்தான். அவரே தனியார் ஆய்வகத்தில் பரிசோதித்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டால், எந்த அரசுப் பட்டியலிலும் இடம்பெறாமலே போகலாம்.

எதால் வகுப்பது?

கண்டறியப்பட்டோரைப் பதிவேட்டில் எண்ணிவிடலாம். தொற்றுள்ளோர் மொத்தம் எத்தனை பேர் என்பதை மதிப்பிடத்தான் முடியும். இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி தொற்றுள்ளோர் சுமார் 4 கோடி என்றது 2018 திட்ட ஆவணம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை 2.98 கோடி என்றது. தேசியக் குடும்பநல ஆய்வின் (2015-16) ரத்த மாதிரிகளில் கிடைத்த விகிதம் 0.95%, அதை 140 கோடி மக்களுக்கு அப்படியே பொருத்தினால் 1.33 கோடிதான் வரும்.

ஒரு பேச்சுக்கு, 20 லட்சம் பேருக்கு நோய் கண்டறியப்பட்டதாகக் கொள்வோம். முதல் கணக்கில் அது 5%, இரண்டாவதில் சுமார் 7%, மூன்றாவதில் 15%. களத்தில் எதுவும் மாறாமலே முன்னேற்றம் மூன்று மடங்காகிவிடுகிறது!

இறப்புக் கணக்கு இன்னும் பலவீனம். இந்தியாவில் 2020இல் பதிவான இறப்புகளில் 22.5% மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணத்துடன் இருந்தன. சான்றிதழில் ‘கல்லீரல் செயலிழப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதற்குக் காரணம் வைரஸா, மதுவா என்று தெரியாது.

சாதித்தவர்கள் எப்படி?

எகிப்து 6 கோடிப் பேருக்கு மேல் பரிசோதித்து, தன் நிலையை நேரடியாகவே அளந்தது. 2023இல் ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புப் பாதையில் உலக சுகாதார நிறுவனத்தின் ‘தங்கத் தகுதி’ பெற்ற முதல் நாடானது. வங்கதேசம், பூட்டான், நேபாளம், தாய்லாந்து ஆகியவை குழந்தைகளிடையே ஹெபடைட்டிஸ் பி தொற்று 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதை நிரூபித்து, 2019இல் அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றன.

இந்தியா செய்ய வேண்டியவையும் தெளிவானவை: குறித்த இடைவெளியில் ரத்த மாதிரி ஆய்வு, தனியார் மருத்துவமனைகளிடமிருந்து கட்டாயத் தகவல், இறப்புச் சான்றிதழில் வைரஸின் பெயர். மக்கள் பங்குக்கு, வாழ்நாளில் ஒரு முறையாவது பி, சி பரிசோதனை செய்துகொள்ளலாம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.