ஜோங்காவுக்கு மூச்சு முட்டுது பாஸ்!

2019-ல நம்ம 'தல' தோனி, ராஞ்சியில் பச்சை கலர் ஜோங்கா ஓட்டிட்டுப் போன போட்டோ ஞாபகம் இருக்கா? அதே மாதிரி ஒரு ஜோங்கா, பழவேற்காடு பக்கத்துல எங்க குப்பத்து மணல்லயும் நிக்குது. தோனிக்கு அது ஆசை. எங்க சித்தப்பாவுக்கு அது பொழப்பு!

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ, படகுகளை மேடேத்த எங்களுக்குக் கிடைச்சது ஒரே ஒரு டிராக்டர். சித்தப்பாவோட முறை வர்றதுக்குள்ள அலை ஏறிடுச்சு. பக்கத்துப் படகோட மோதி, அவரோட ஃபைபர் படகுக்கு அணியம் பிளந்துபோச்சு. அந்த ஆத்திரத்துலதான் பங்காளிங்க நாலு பேர் சேர்ந்து, பல கை மாறி வந்த ஒரு பழைய பெட்ரோல் ஜோங்காவை வாங்கினாங்க.

வாங்கின பிறகுதான் வந்தது வில்லங்கம். சும்மா ஓட்டினா நல்லா ஓடும். படகைக் கட்டி இழுத்தா, ரெண்டு இருமல்... அப்புறம் ஆஃப்!

"இன்னாடா, இன்ஜினீயருக்குத்தான படிக்கிற? இதுக்கு ஏன் மூச்சு வாங்குதுன்னு பாரு"ன்னார் சித்தப்பா. மெக்கானிக்கல் மூணாவது வருஷமாச்சே, சும்மா இருப்பேனா? "பெரிய கார்புரேட்டர் போட்டா பறக்கும் சித்தப்பா"ன்னு கெத்தா சொன்னேன். சித்தி சீட்டு எடுத்த பணத்துல, பழைய பாகங்கள் விக்கிற இடத்துல ஒரு நாலு குழல் கார்புரேட்டரைத் தேடிப் பிடிச்சு மாட்டியும் விட்டேன்.

நியூட்ரல்ல முறுக்கினா சிங்கம் மாதிரி கர்ஜனை. குப்பமே கை தட்டுச்சு. படகைக் கட்டினோம். இந்த முறை இருமல்கூட இல்லை, நேரா ஆஃப்!

நான் பண்ணின தப்பை நீங்க பண்ணக்கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

யார் இந்த ஜோங்கா?

ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில், ஜப்பானின் நிஸான் பேட்ரோலை அடிப்படையா வெச்சு 1969-லிருந்து தயாரான வண்டி இது. 1999-ல உற்பத்தி நின்னுபோச்சு. பானட்டைத் திறந்தா ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் நிக்கும். மொத்தக் கொள்ளளவு 3,956 சி.சி. பெட்ரோல் செலவுக்குப் பயந்து நிறைய பேர் இதுல டீசல் இன்ஜினை மாத்திட்டாங்க. அப்படி மாத்தறதுன்னா மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேணும், மறந்துடாதீங்க.

ஒரு பேப்பர், ஒரு பேனா போதும்

கார்புரேட்டர் வாங்கறதுக்கு முன்னாடி நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் முழுசா மூச்சு இழுக்கும். 3,600 ஆர்.பி.எம்.னா நிமிஷத்துக்கு 1,800 மூச்சு. 3.956 லிட்டரோட பெருக்கினா சுமார் 7,120 லிட்டர் காற்று. பழைய இன்ஜின் சிலிண்டரை முழுசா நிரப்பாது, 80 சதவிகிதம்னு வெச்சுக்கலாம். சுமார் 5,700 லிட்டர். கார்புரேட்டர் விக்கிறவங்க பாஷையில் சொன்னா, நிமிஷத்துக்கு சுமார் 200 கன அடி.

மணல்ல படகு இழுக்கும்போது 1,500 ஆர்.பி.எம்.தான் ஓடும். அப்போ தேவை வெறும் 84 கன அடி. நான் வாங்கினது 600 கன அடி கார்புரேட்டர்!

பெருசா இருந்தா என்ன தப்புன்னு கேக்கறீங்களா? எங்க ஏரி முகத்துவாரத்துக்கு வாங்க. வழி குறுகலா இருந்தா, ஓதம் வடியும்போது தண்ணி சீறிக்கிட்டுப் போகும். அகலமானா அதே தண்ணி சோம்பலா நகரும். கார்புரேட்டர் தொண்டையும் அப்படித்தான். காற்று வேகமாப் போனாத்தான் அங்கே அழுத்தம் குறைஞ்சு பெட்ரோல் உறிஞ்சப்படும். நம்ம பெர்னோலி சார் சொன்னதுதான். தொண்டை அகலமா இருந்து காற்று மெதுவாப் போனா, பெட்ரோல் ஒழுங்கா வராது, வர்றதும் சரியாத் தூவாது. செமஸ்டர்ல இதுக்கு முழு மார்க் வாங்கினவன் நான். என்ன பிரயோஜனம்?

அப்போ எதை எடுக்கலாம்?

* முதல்ல ஓட்டையைத் தேடுங்க: ஐடிலிங்ல ஓட விட்டு, இன்டேக் மேனிஃபோல்டு ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தெளிங்க. சத்தம் மாறினா அங்கே காற்று கசியுது. சிலர் பெட்ரோலைத் தெளிச்சுப் பார்ப்பாங்க. சூடான இன்ஜின்ல அது விஷப்பரீட்சை! பிளக்கையும் கழட்டிப் பாருங்க. இளம் பழுப்புன்னா சரி. வெள்ளைன்னா பெட்ரோல் பத்தலை. கறுப்புக் கரின்னா ஜாஸ்தி. வரிசை ஆறுல, நடுவுல இருக்கற ஒத்தைக் கார்புரேட்டர்லருந்து ஒண்ணாவது, ஆறாவது சிலிண்டருக்குத்தான் தூரம் அதிகம். அந்த ரெண்டையும் கண்டிப்பாப் பாருங்க.

* ரெண்டு குழல் போதும்: சின்னக் குழல் முதல்ல திறந்து, ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தப் பெரிய குழல் திறக்கற டைப் பெஸ்ட். மெதுவான இழுவைக்கும் வேகம், நிறைய காற்றுக்கும் வழி! மூணு கார்புரேட்டர் பார்க்க அழகு. ஆனா மூணையும் ஒரே சீரா வெச்சிருக்கறது தலைவலி. மணல்மேட்டுல வண்டி சாயும்போது ஃப்ளோட் கிண்ணத்துல பெட்ரோலும் சாயும்கறதால, ஃப்ளோட் அளவைச் சரியா வைங்க.

* கூம்பு ஃபில்டர் வேண்டாம்: பளபளன்னு திறந்தவெளியில் நிக்கற கூம்பு ஃபில்டர், பானட்டுக்குள்ள இருக்கற சூட்டையும் உப்புச் சாரலையும் சேர்த்து இழுக்கும். உள்ளே போற மணல் சிலிண்டர் சுவரை அரம் மாதிரி தேய்க்கும். மூடின பெட்டி ஃபில்டர், இல்லேன்னா பழைய ஆயில் பாத் ஃபில்டரே மேல். காற்றை உயரமான, சூடு படாத இடத்துலருந்து எடுங்க.

* எத்தனால் கணக்கு: 2025-க்குள்ள நாடு முழுக்க 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தாச்சு. எடைக் கணக்குல சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதுமானதுன்னா, இதுக்கு 13.5 பங்குதான். ஆக, பழைய ஜெட்டையே வெச்சா கலவை இளைச்சுடும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தி, பிளக் நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க. பழைய ரப்பர் பைப், டயஃப்ரம் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ரகமா மாத்துங்க. ஏரிக் காற்றுல ஈரம் அதிகம், எத்தனால் அதை இழுத்துக்கும். டேங்க்ல பெட்ரோலை மாசக்கணக்கா ஊற வைக்காதீங்க.

கடைசியில என்ன ஆச்சு?

சோப்புத் தண்ணி தெளிச்சேன். ஆறாவது சிலிண்டர் பக்கத்துல 'புஸ்'ஸுன்னு உள்ளே இழுத்துச்சு. மேனிஃபோல்டு கேஸ்கெட் போயிருந்தது! நான் கழட்டித் தூக்கி எறிஞ்ச பழைய ரெண்டு குழல் கார்புரேட்டரையே வலைக் குவியல் பக்கத்துலருந்து தேடி எடுத்து, சுத்தம் பண்ணி, ரிப்பேர் கிட் போட்டு, ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தினோம். புது கேஸ்கெட்டையும் சேர்த்து ஆன செலவு, நான் வாங்கின கார்புரேட்டர் விலையில் கால்வாசிகூட இல்லை.

போன மழை சீசன்ல புயல் எச்சரிக்கை வந்த அன்னிக்கு, இருட்டறதுக்குள்ள ஒன்பது படகு மேடேறிச்சு. எல்லாத்தையும் இழுத்தது நம்ம ஜோங்காதான். சித்தப்பா ஒண்ணும் சொல்லலை. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த 600 கன அடி கார்புரேட்டர் இப்போ சித்தி வீட்டுப் பரண்ல இருக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் சித்தி என்னையும் ஒரு பார்வை பார்ப்பாங்க. இந்த மாச ஸ்டைபெண்ட் வந்ததும், முதல் வேலை சீட்டுத் தவணை கட்டறதுதான்!