காலைப் பொழுதுக்கு ஏற்ற சிறு பணியாரங்கள்: இனிப்பும் உறைப்பும்

தெஹியோவிட்டப் பகுதியில் வேலைநாள் இருளிலேயே தொடங்குகின்றது. இறப்பர் மரத்தை வெயிலேறுமுன் வெட்டினாலன்றிப் பால் நன்கு வடிவதில்லை. குளிர்ந்த வேளையில் பட்டையினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதே இதற்குக் காரணமாகும். ஆகையால் பால்வெட்டுவோர் விடியும்போதே மலையேறுகின்றனர். கொழுந்து பறிப்போர் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். வயலில் நீர் பார்ப்போரும், மரக்கறி பறித்துச் சந்தைக்கு அனுப்புவோரும் அவர்களுக்குப் பிந்தியவரல்லர். பிள்ளைகளோ பாடசாலைக்கு நெடுந்தூரம் நடக்கின்றனர். இத்தகைய வீடுகளிற் காலை உணவென்பது பெரும்பாலும் ஒரு கோப்பை வெறுந்தேநீரும், நேரமிருப்பின் ஒரு கோதுமைமா ரொட்டியுமே ஆகும்.

இதன் விளைவு சிறிதன்று. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவராயிருந்தனர். தோட்டப் பகுதிகளில் மட்டும் நோக்கின் இத்தொகை நூற்றுக்கு 32 ஆகும். காலை உணவுக் குறைவு ஒன்றே இதற்குக் காரணமென்று கூறுதல் பொருந்தாது. வருமானம், குடிநீர், தாயின் உடல்நலம் முதலிய பலவும் இதில் அடங்கும். ஆயினும், தம் கையால் உடனே திருத்திக்கொள்ளத்தக்கது காலை உணவே என்பதைக் கமக்காரர் கருத்திற் கொள்ளுதல் நன்று.

கோதுமை நம் நாட்டில் விளையும் பயிரன்று. 1942 ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்போது பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமைமா அதனிடத்தைப் பற்றியது. 1952 ஆம் ஆண்டின் இறப்பர் அரிசி உடன்படிக்கையால் நம் மலைகளில் வடிந்த பால் சீனத்து அரிசியாக மாறி வந்த காலமும் உண்டு. பின்னர் 1980 இல் திருகோணமலையில் மாவாலை இயங்கத் தொடங்கியபின் கோதுமைமா எல்லாக் கடைகளிலும் எளிதிற் கிடைப்பதாயிற்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அதன் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, முதலில் வெறுமையானவை ரொட்டிக்கல்லை நம்பியிருந்த அடுப்புகளே. நெல் விளைவிக்கும் வீட்டாரும் காலை உணவுக்கு மட்டும் கடை மாவை எதிர்பார்த்திருந்தமை வியப்புக்குரியது.

அவ்வாறிருந்தமைக்குக் காரணம் தானியம் இல்லாமையன்று, நேரம் இல்லாமையே. ரொட்டி விரைவில் ஆகும். சோறும் கறியும் ஆகா. எனவே, முன்னாள் மாலையிலேயே பெரும்பகுதி வேலையை முடித்து, காலையில் அரைமணி நேரத்துக்குள் இறக்கத்தக்கனவும், நடந்துகொண்டே ஒவ்வொன்றாய் வாயிலிடத்தக்கனவுமான சிறு பணியாரங்களே இவ்வீடுகளுக்குப் பொருந்துவன. அவற்றிற் சில கீழே விளக்கப்படுகின்றன.

அரிசியுடன் பயறு சேர்த்தல்

100 கிராம் அரிசியிற் புரதம் ஏறத்தாழ 7 கிராமே உண்டு. அதே அளவு பயற்றில் 24 கிராம் வரை உண்டு. அன்றியும், அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள கூறு பயற்றிலும் உழுந்திலும் நிறைந்திருக்கின்றது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறோ உழுந்தோ சேர்ப்பின் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். தானியத்தை ஊறவைப்பதும், அரைத்த மாவைப் புளிக்கவிடுவதும் சுவைக்காக மட்டும் செய்யப்படுவனவல்ல. இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாது பிடித்துவைக்கும் பொருள் அவற்றாற் குறைகின்றது.

இவ்விடத்தில் தேநீரைப் பற்றி ஒரு சொல். உணவுடன் பருகும் தேநீர் அவ்வுணவின் இரும்புச்சத்தைப் பெரிதும் வீணாக்கும். தேயிலை விளையும் ஊரிலிருந்துகொண்டு தேநீரை விடுமாறு எவரும் கூறார். உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ பருகினாற் போதுமானது. சிற்றுண்டியுடன் ஒரு துண்டு கொய்யாவோ, தேசிக்காய்ச் சாறு பிழிந்த சம்பலோ சேர்ப்பின் இரும்புச்சத்து மிகுதியாகச் சேரும். கருவுற்ற பெண்களும் வளரும் பெண்பிள்ளைகளும் இதனைத் தவறாது கைக்கொள்ள வேண்டும்.

குழிப்பணியாரம்

ஒரே மாவில் இனிப்பும் உறைப்பும் செய்யத்தக்க பணியாரம் இது. ஆதலின் இதனையே முதன்மையாகக் கூறுகின்றோம். பச்சையரிசி ஒரு கோப்பை, புழுங்கலரிசி ஒரு கோப்பை, உழுந்து அரைக் கோப்பை, வெந்தயம் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கழுவி, நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஊறவிடுக. நண்பகலில் ஊறவைப்பின் மாலையில் அரைத்துவிடலாம். உழுந்தையும் வெந்தயத்தையும் தனியே நுரைக்க அரைத்தெடுத்து, அரிசியைச் சற்றுக் கரகரப்பாக அரைத்து, இரண்டையும் கையாற் கலந்து மூடிவைக்க வேண்டும். கை கலப்பதால் மாவு விரைந்து புளிக்கும் என்பதைப் பெண்கள் அறிவர். இப்பகுதியின் அடைமழைக் காலத்தில் இரவு குளிர்ந்திருக்கும். அக்காலத்திற் பாத்திரத்தை அடுப்பங்கரையில் வைத்துச் சாக்கினால் மூடுக. வெயில் காலத்தில் அவ்வாறு செய்தலாகாது. மாவு மிகப் புளித்துவிடும்.

காலையில் மாவை இரண்டாகப் பிரித்துக்கொள்க. ஒரு பகுதியில் உப்பு, அரிந்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டு ஆகியவற்றுடன் கடுகு தாளித்துச் சேர்க்க. விற்பனைக்கு ஆகாத பயற்றங்காய், முருங்கையிலை முதலியவற்றைப் பொடியாக அரிந்து கலக்க இதுவே தக்க இடம். முற்றிப்போன பயற்றங்காயை மட்டும் தவிர்க்க. நார் பல்லிற் சிக்கும்.

மறு பகுதி இனிப்புக்கு உரியது. அரைக் கோப்பை கித்துள் கருப்பட்டியைச் சிறிது நீரிற் கரைத்து, வடிகட்டி, நன்கு ஆறவிட்டு மாவில் ஊற்றுக. சூட்டோடு ஊற்றினால் மாவு திரிந்து பணியாரம் அமுங்கிவிடும். கருப்பட்டி நீரால் மாவு இளகுமாயின், இரண்டு மேசைக்கரண்டி வறுத்த அரிசிமா சேர்த்து இறுக்கிக்கொள்க. துருவிய பூசணிக்காய் ஒரு கைப்பிடி சேர்ப்பின் கருப்பட்டியைக் குறைக்கலாம், நிறமும் நன்றாயிருக்கும். ஏலக்காய் இருப்பின் நன்று, இல்லையெனினும் குற்றமில்லை.

பணியாரச் சட்டியின் ஒவ்வொரு குழியிலும் சில துளி தேங்காயெண்ணெய் விட்டு, முக்காற் பங்கு மாவு வார்த்து மூடி, இளந்தீயில் வேகவிடுக. அடிப்புறம் சிவந்ததும் கம்பியாற் புரட்ட வேண்டும். உறைப்பை முதலிற் சுட்டபின் இனிப்பைச் சுடுக. கருப்பட்டி குழியிற் பற்றிக்கொள்வதால் வரிசை மாறினால் சட்டியை இடையிற் கழுவ நேரிடும். குழிச்சட்டி இல்லாதோர் தோசைக்கல்லில் ஒவ்வொரு கரண்டியாகச் சிறு வட்டங்களாக வார்த்து மூடிவைக்கலாம். மேற்கூறிய அளவு ஐந்தாறு பேருக்குப் போதும்.

குறுணலிற் பிடிகொழுக்கட்டை

நெல் குற்றும் ஆலையிலிருந்து வரும் குறுணலைக் கோழிக்குக் கொட்டுவோர் பலர். கோழிக்கும் உணவு வேண்டும். ஆயினும் நல்ல குறுணல் கொழுக்கட்டைக்கு அரிசியிலும் சிறந்தது. ஒரு கோப்பைக் குறுணலையும், வறுத்து உடைத்துத் தோல் நீக்கிய பயறு கால் கோப்பையையும் முன்னாள் இரவே கழுவி வடித்து வைக்க. காலையிற் கடுகு, செத்தல்மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இரண்டேகால் கோப்பை நீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அதிற் குறுணலையும் பயற்றையும் இட்டுக் கிளறுக. நீர் வற்றியதும் கால் கோப்பைத் தேங்காய்ப்பூ கலந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் விரற்றடம் பதியச் சிறுசிறு பிடிகளாகப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் அவிக்க வேண்டும். தாளிதத்தை விட்டுக் கருப்பட்டி முக்காற் கோப்பை சேர்ப்பின் இதுவே இனிப்பாகும். குரக்கன் மாவும் இம்முறையிற் பொருந்தும். அது வரண்ட வலயப் பயிராதலால் இங்கு விலைக்கே கிடைக்கும். எனினும் 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உடையதாகையால் கிழமைக்கு ஒரு நாளாவது வாங்கிச் செய்தல் தகும். நம் அயலவரான சிங்கள மக்கள் குரக்கன் மாவைக் கருப்பட்டியுடன் பிசைந்து கெந்த இலையில் வைத்து அவிக்கும் ஹலபே இவ்வினத்தைச் சேர்ந்ததே.

அரிசிமா உருண்டையும் பலாக்கொட்டை உருண்டையும்

அடுப்பு மூட்டவே நேரமற்ற நாளுக்கு உதவுவது உருண்டை. சிங்கள மக்கள் இதனை அக்கலா என்பர். சிவப்பரிசியைப் பொன்னிறமாக வறுத்து இடித்து அரித்த மா இரண்டு கோப்பை, தேங்காய்ப்பூ ஒரு கோப்பை, சீவிய கருப்பட்டி முக்காற் கோப்பை, மிளகுதூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவை வேண்டும். கருப்பட்டியைச் சில கரண்டி நீரில் உருக்கி, எல்லாவற்றையும் உரலிலிட்டு இடித்துச் சேர்த்து, தேசிக்காய் அளவில் உருட்டுக. மிளகைத் தவிர்த்தலாகாது, இனிப்பின் திகட்டலை நீக்குவது அதுவே. பச்சைத் தேங்காய் சேர்த்த உருண்டை அன்றே உண்ணத்தக்கது. தேங்காய்ப்பூவை நீர் வற்ற வறுத்துச் சேர்ப்பின், காற்றுப் புகாத தகரத்தில் நான்கைந்து நாள் இருக்கும்.

பலாக்கொட்டையிலும் இவ்வாறே செய்யலாம். கொட்டையை அவித்துத் தோலுரித்து, மெல்லியதாய் அரிந்து, வெறுஞ்சட்டியில் ஈரமற வறுத்து இடிக்க வேண்டும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலாக்கன்று நடுவித்து ‘கொஸ் மாமா’ எனப் பெயர் பெற்ற ஆர்தர் வீ. டயஸ், பஞ்சகாலத்தில் மக்களைக் காக்கும் மரம் இதுவென்றே கருதினார். ஈரப்பலாவுடன் இம்மரத்தையும் அனுமதியின்றி வெட்டுதலைத் தடுக்க 1951 ஆம் ஆண்டில் சட்டமும் இயற்றப்பட்டது. அத்தகைய மரத்தின் கொட்டையை வேலியோரம் எறிவது பொருளிழப்பாகும்.

கருப்பட்டியைப் பற்றியும் கூறவேண்டும். சந்தையில் சீனி கலந்தது மிகுதி. தெரிந்த கித்துள் சீவுவோரிடம் வாங்குதலே பாதுகாப்பு. தூய கருப்பட்டியாயினும் அது இனிப்பே. நீரிழிவுடையோர்க்குச் சீனியைப் போன்றே அதுவும் ஆகாது.

மரவள்ளித் தட்டை

மரவள்ளியின் கிழங்கில் நச்சுத்தன்மை உண்டாதலால் முறை தவறுதல் கூடாது. மேற்றோலையும் அதன் கீழுள்ள தடித்த தோலையும் முற்றாக நீக்கி, சிறு துண்டுகளாக்கி நீரில் ஊறவிட்டு, பாத்திரத்தை மூடாமல் அவித்து, அந்நீரைக் கொட்டிவிடுக. கசக்கும் கிழங்கையும் நீலக்கோடு ஓடிய கிழங்கையும் எறிந்துவிடல் வேண்டும். மரவள்ளியுடன் இஞ்சி சேர்க்கலாகாதென்பது நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிவரும் எச்சரிக்கை; அதனைக் கைக்கொள்வதில் இழப்பேதுமில்லை. அவித்து மசித்த கிழங்கு இரண்டு கோப்பைக்கு அரிசிமா அரைக் கோப்பையும், வெங்காயம், மிளகாய், அரிந்த பொன்னாங்காணி, உப்பும் சேர்த்துத் தட்டி, கல்லில் இருபுறமும் வாட்டியெடுக்க. கிழங்கிற் புரதம் மிகக் குறைவாதலால் இதனுடன் அவித்த கடலையோ பயறோ ஒரு பிடி உண்ண வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

ஈரவலயத்திற் பொருள்கள் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட நிலக்கடலையை வறுத்தாலும் அதன் நஞ்சு முற்றாக நீங்குவதில்லை. அது ஈரலைக் கெடுக்கும். சுருங்கியதும் நிறம் மாறியதுமான பருப்பைப் பொறுக்கி எறிக. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உருண்டையை முழுதாகக் கொடுத்தலாகாது, தொண்டையில் அடைக்கும். உதிர்த்துப் பாலிலோ வெந்நீரிலோ குழைத்து ஊட்டுக. முழு நிலக்கடலையும் அவ்வயதிற்கு உரியதன்று. பிள்ளை மடுவத்தில் விடும்போது இதனைப் பொறுப்பாளரிடம் சொல்லி வைத்தல் நன்று.

கொண்டுசெல்லும் பணியாரத்தை நன்கு ஆறவிட்டபின், தணலில் வாட்டிய வாழையிலையிற் பொதிக. சூட்டோடு மூடினால் வியர்த்து நண்பகலுக்குள் ஊசிவிடும். வயலில் மருந்து தெளிக்கும் நாளில் பொதியை வரம்பில் வைக்காது, தெளிக்கும் இடத்துக்குக் காற்று வரும் பக்கமாக எட்ட ஒரு கிளையில் தொங்கவிட்டு, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே பிரிக்க வேண்டும். இறப்பர்ப் பால் உறையவைக்கும் அமிலத்தைத் தொட்ட கைக்கும் இது பொருந்தும்.